சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன?

கேள்வி: எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. எடை கூடிக்கொண்டே போனதால் ஓராண்டாக ஆரோக்கியமாகச் சாப்பிட முயல்கிறேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, அதில் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி தேன். பதினொரு மணிக்கு 200 மில்லி பாக்கெட் பழச்சாறு. மதியம் வெள்ளரி, தக்காளி, கீரை மட்டும் போட்ட சாலட். நாள் முழுவதற்கும் மூன்று தேநீர், இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரையோடு. நான்கு மணி வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். அப்போது அலுவலகத்தில் யாராவது பிறந்தநாள் கேக்கோ சாக்லேட் பெட்டியோ கொண்டுவந்தால் அவ்வளவுதான். ஒன்று எடுத்தால் நிறுத்த முடிவதில்லை. 'இன்றைய நாள்தான் கெட்டுவிட்டதே' என்று, இரவு வீடு அடங்கியதும் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த ஐஸ்கிரீமை ஃப்ரிட்ஜ் முன் நின்றபடியே சாப்பிடுகிறேன். படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடும், ஐந்து மணிக்கு எழ வேண்டும். மறுநாள் காலை உணவைத் தவிர்த்து ஈடுகட்டுவேன். அன்றைக்கும் நான்கு மணி வந்துவிடும். 'காய்கறியை முடித்தால்தான் சாக்லேட்' என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டிருக்கும் நானே இப்படி இருக்கிறேன். இது அடிமைத்தனமா? இனிப்பை ஒரேயடியாக விட்டுவிடுவதுதான் வழியா? செயற்கை இனிப்பூட்டிக்கு மாறலாமா? இரண்டாவது கர்ப்பத்தின்போது எனக்குச் சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது.

உணவியல் நிபுணர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேக்கைப் பற்றியும் ஐஸ்கிரீமைப் பற்றியும்தான் நீங்கள் வருந்தி எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் மதிய உணவு வரியை. வெள்ளரி, தக்காளி, கீரை 'மட்டும்'. அந்த 'மட்டும்' என்ற சொல்லை நீங்கள் சற்றுப் பெருமையோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் இந்த மூன்றையும் சேர்த்து 300 கிராம் கிண்ணம் நிறையப் போட்டுக்கொண்டாலும், எண்ணெய் சேர்க்காவிட்டால் 60 கலோரியைத் தாண்டுவது கடினம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றிலேயே சுமார் 100 கலோரி இருக்கிறது. புரதம் பெயரளவுக்குத்தான். முந்தைய இரவின் ஐஸ்கிரீமுக்குப் பரிகாரமாகக் காலை உணவையும் விட்டிருந்தால், நான்கு மணிக்குக் கேக்கின் முன் நிற்பது கிட்டத்தட்ட நாள் முழுக்கப் பட்டினி கிடந்த ஓர் உடம்பு. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறார்கள். பறக்கிற பத்தில் உணவுக் கட்டுப்பாடு முதலில் பறக்கும்.

ஆகவே உங்கள் நல்ல சாப்பாட்டை இனிப்பு கெடுக்கிறது என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. அந்தச் சாப்பாடு போதாமல் இருப்பதால்தான் இனிப்புக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது.

இது பாதிக் கதைதான். பசியில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டீர்கள், சரி. அது எப்படி நான்கு துண்டாகி, இரவில் ஐஸ்கிரீமாகவும் ஆகிறது? அதற்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: 'இன்றைய நாள்தான் கெட்டுவிட்டதே.'

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்பார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இந்த மனநிலையை ஆய்வுக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 1975-இல் பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் மாணவிகள் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு, சுவை பார்த்துச் சொல்லுங்கள் என்ற சாக்கில் ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றார்கள். கட்டுப்பாடு எதிலும் இல்லாத மாணவிகள், மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு சொன்னதை அவர்கள் கேட்டார்கள். எடைக்குப் பயந்து அளந்து சாப்பிடுகிற மாணவிகளோ, மில்க்ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது, இனி எதற்குக் காவல் என்ற எண்ணம். அடுத்த ஆண்டே ஜேனட் பொலிவி என்ற உளவியலாளர் இன்னும் சுவையான ஒன்றைக் காட்டினார். முதலில் சாப்பிட்டதில் உண்மையில் எவ்வளவு கலோரி இருந்தது என்பதைவிட, அதில் நிறைய இருப்பதாக அவர்கள் நம்பினார்களா என்பதே கட்டுப்பாட்டை உடைத்தது.

உங்கள் வாழ்க்கையில் இதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். ஒரு சிறிய துண்டு கேக்கில் 250 கலோரி இருக்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் அந்த நாளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சேதம் முழுவதும் அதற்குப் பிறகு நடந்தது. அதைச் செய்தது 'கெட்டுவிட்டது' என்ற தீர்ப்பு.

நானும் ஒரு காலத்தில் 'தவிர்க்க வேண்டியவை' என்று தலைப்பிட்டு, கேக், சாக்லேட், ஐஸ்கிரீம், பிஸ்கட் என்று நீளமாக அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பியவள்தான். ஒரு பெண்மணி ஆறு வாரம் கழித்து மிக அழகான உணவுக் குறிப்பேட்டோடு வந்தார். ஒரு நாள்கூட இனிப்பு இல்லை. எடை மட்டும் இரண்டு கிலோ கூடியிருந்தது. குறிப்பேடு எனக்காக எழுதப்பட்டது என்பது புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அந்தத் தாளைக் கொடுப்பதை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ஒரேயடியாக விட வேண்டாம். சிலருக்கு அது கைகூடுகிறது, மறுக்கவில்லை. ஓராண்டாக ஒவ்வொரு காலையிலும் விட்டு, ஒவ்வொரு மாலையிலும் தோற்றுக்கொண்டிருக்கிற உங்களுக்கு அதையே இன்னும் கடுமையாகச் செய்யச் சொல்வது வைத்தியம் ஆகாது.

அடிமைத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இனிப்பு பிடிப்பது பிறவிக் குணம். பிறந்த சில மணி நேரக் குழந்தையின் நாக்கில் இனிப்பு நீரைத் தொட்டுவைத்தால் முகம் மலர்கிறது, கசப்பை வைத்தால் சுளிக்கிறது. மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தது. அதில் சர்க்கரை அடிமைத்தனம் என்று ஒரு நோய் கிடையாது. ஆனால் கட்டுமீறி உண்ணும் கோளாறு அதே பதிப்பில்தான் தனி நோயாக இடம்பெற்றது. வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாக, மற்றவர்கள் சாப்பிடுவதைவிட வெளிப்படையாகவே மிக அதிக அளவை, நிறுத்தும் சக்தி கையைவிட்டுப் போன உணர்வோடு, வயிறு வலிக்கும்வரை, வெட்கத்தால் ஒளிந்து சாப்பிட்டு, பின்பு தன்மீதே அருவருப்பு கொள்வது இதன் அடையாளங்கள். நீங்கள் எழுதியதை வைத்து உங்களுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேலே சொன்னதைப் படிக்கும்போது 'இது நான்தான்' என்று தோன்றினால், உணவு ஆலோசகரிடம் போவதற்கு முன் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உணவுப் பட்டியல் அங்கே உதவாது, சில சமயம் கெடுதல் செய்யும்.

இனி, நீங்கள் இனிப்பு என்றே நினைக்காத இனிப்புக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான், உங்கள்மீது அல்ல.

ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை. 200 மில்லி பழச்சாற்றில் 20 கிராமுக்குக் குறையாது. அட்டையில் 'நூறு சதவீதம் பழம்' என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். மூன்று தேநீருக்கு ஆறு தேக்கரண்டி, ஒன்றுக்கு 4 கிராம் என்றால் 24 கிராம். கூட்டினால் 61. கேக்கைத் தொடும் முன்பே 61 கிராம்! உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு அது 50 கிராம். முடிந்தால் 5 சதவீதத்துக்கு, அதாவது 25 கிராமுக்குக் குறைப்பது இன்னும் நல்லது என்கிறார்கள். தேன், பாகு, பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையும் பாலில் இயல்பாக உள்ளதும் சேராது.

கொடுமை என்னவென்றால், இந்த 61 கிராமில் உங்களுக்கு ஒரு துளி மகிழ்ச்சியும் கிடைக்கவில்லை. ஆரோக்கியம் என்று நினைத்து மருந்துபோல் விழுங்கியது அது. 40 கிராம் மில்க் சாக்லேட்டில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். நாவுக்கு இதமான அந்தச் சாக்லேட்டுக்காகக் குற்றவுணர்ச்சி, பழச்சாற்றுக்காகத் திருப்தி. இரண்டிலும் சர்க்கரை ஏறக்குறைய ஒன்றே. குறைக்க வேண்டும் என்றால் சுவைக்காத சர்க்கரையிலிருந்து குறைப்போம். பழச்சாற்றை இன்றே விடுங்கள், பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். தேனுக்குப் பதில் ஓட்ஸில் வாழைப்பழத்தை மசித்துப் போடுங்கள். தேநீரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி வீதம் குறையுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் பழைய அளவுக்குத் திரும்புவீர்கள்.

நாக்கு பழகிவிடும், பிறகு இனிப்பே பிடிக்காமல் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்து உண்டவர்களைப் பரிசோதித்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதே அளவு சர்க்கரை போட்ட புட்டிங் அவர்களுக்கு முன்பைவிடக் கூடுதலாகத் தித்தித்தது. ஆனால் அதைப் பிடிக்கும் அளவு மாறவில்லை. குறைந்த சர்க்கரையிலேயே தித்திப்பு தெரியும் என்பது மட்டும் லாபம். அதுவே போதும்.

செயற்கை இனிப்பூட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எடையைக் கட்டுப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பதே காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. உங்கள் சிக்கல் தேநீரின் சர்க்கரை அல்ல என்பதால், இனிப்பூட்டி அதைத் தொடப் போவதும் இல்லை.

சரி, நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது?

முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும் காலை உணவை விடக்கூடாது. இதைத்தான் நான் உங்களிடம் கண்டிப்பாகக் கேட்பேன், மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பேன். ஈடுகட்டுதல் என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது உண்மையில் அடுத்த நாளின் நான்கு மணிக்கு முன்பணம் கட்டுவது. மதியத்தில் சாலட் இருக்கட்டும். அதோடு ஒரு கிண்ணம் வேகவைத்த பயறு அல்லது இரண்டு முட்டை அல்லது ஒரு துண்டு மீன், கூடவே ஏதாவது ஒரு தானியம், ஒரு கிண்ணம் தயிர். எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் குடி மூழ்கிவிடாது. மூன்றரை மணிக்கு, கேக் வருகிறதோ இல்லையோ, ஒரு பழமும் ஒரு கைப்பிடி கொட்டைகளும். பசியில்லாத வயிற்றோடு கேக்கைப் பார்ப்பது வேறு அனுபவம். அப்போதும் ஆசை வரும், வெறி வராது. இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே உணர்வீர்கள் என்று நினைக்கிறேன்.

கேக்கை மறுக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து, உங்கள் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, கணினித் திரையைப் பார்க்காமல் சாப்பிடுங்கள். பெட்டி இருக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தால் கை தானாகப் போகும், அதில் உங்கள் குணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உண்மையாகவே பிடிக்காத கேக் என்றால் எடுக்காதீர்கள். அலுவலகக் கேக்குகளில் பாதி சுவையற்றவை என்பது என் நீண்டநாள் கருத்து. இலவசமாக வருவதால் சாப்பிடுகிறோம்.

வீட்டில் இனிப்புக்கென்று ஓர் இடத்தைக் கொடுங்கள். இரவு உணவு முடிந்ததும், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, கிண்ணத்தில் ஐஸ்கிரீம். வாரத்தில் எத்தனை நாள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், தினமும் வேண்டாம். உணவுக்குப் பின் சாப்பிடுவதில் பல்லுக்கும் நன்மை உண்டு. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்மேல் அமிலம் ஏறிவிடும், தணிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மொத்த அளவைப் போலவே, எத்தனை முறை என்பதும் பல்லுக்கு முக்கியம். ஒரு பிடி சாக்லேட்டை ஒரே தடவையில் சாப்பிடுவதைவிட, மேசை இழுப்பறையில் வைத்து மாலை முழுக்க ஒவ்வொன்றாகக் கடிப்பது பற்களுக்குக் கெடுதல்.

இரவில் ஃப்ரிட்ஜ் முன் நடக்கிற விஷயம் வேறு. அதைப் பசி என்று நான் நினைக்கவில்லை. உங்கள் நாளை நீங்கள் எழுதியபடி வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு எழுந்ததிலிருந்து, யாரும் உங்களிடம் எதுவும் கேட்காத முதல் நேரம் அந்த ஃப்ரிட்ஜ் முன் நிற்கிற நேரம்தான். உங்களுக்கென்று இருக்கிற ஒரே ஓய்வை ஐஸ்கிரீமோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். ஐஸ்கிரீமை மட்டும் பிடுங்கினால் ஓய்வும் போய்விடும், மனம் ஒப்பாது. முதலில் உட்காருங்கள். வேண்டுமானால் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே உட்காருங்கள். பிறகு அந்த அரை மணியை எட்டரைக்கோ ஒன்பதுக்கோ நகர்த்த முடியுமா, பாத்திரங்களை வேறு யாராவது கழுவ முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் பன்னிரண்டு மணி வரை ஒருவரே விழித்திருக்க வேண்டியது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கணவரைப் பற்றியும் பிள்ளைகளின் வயதையும் நீங்கள் எழுதவில்லை, தவறாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூக்கத்தை வற்புறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, இனிப்பு போன்றவற்றின்மீது நாட்டம் ஏறியது. 12 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்த நாளில் என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்பதை உங்களைவிட யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளுக்குப் போட்ட சட்டத்தை எடுத்துவிடுங்கள். 'காய்கறியை முடித்தால் சாக்லேட்' என்றால், காய்கறி தண்டனை, சாக்லேட் பரிசு என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. குழந்தைகள் உண்ணும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர். ஒன்றைச் சாப்பிட்டால் பரிசு என்று சொல்லி ஊட்டினால் அந்த உணவின்மீது குழந்தைக்குப் பிடிப்பு குறைகிறது என்று அவருடைய சோதனைகள் காட்டின. 1999-இல் அவரும் ஜெனிஃபர் ஃபிஷரும் வெளியிட்ட ஆய்வில், கண்ணெதிரே வைத்துக் கொஞ்ச நேரம் மட்டுமே அனுமதித்த தின்பண்டத்தைப் பற்றித்தான் குழந்தைகள் அதிகம் பேசினார்கள், அதையே அதிகம் நாடினார்கள். அதே சட்டத்தின் கீழ்தான் 41 வயதில் நீங்களும் இருக்கிறீர்கள், காவலரும் நீங்களே.

கடைசியாக, நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து பிரசவத்துக்குப் பின் சரியானவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எச்பிஏ1சி என்ற பரிசோதனை ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும். 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. அந்த எண் 5.7-ஓ அதற்கு மேலோ இருந்தால் மேலே நான் சொன்ன ஐஸ்கிரீம் ஏற்பாட்டை அப்படியே பின்பற்றாமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், அளவுகளை மாற்றித் தருகிறேன். எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. காலை உணவைச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.